டயர் துண்டாக்கும் இயந்திரத்தில் சில்லின் அளவைக் குறைக்க எந்தச் சல்லடை போட வேண்டும்?

சல்லடையில் கை வைக்காதீர்கள். முதலில் பிளேடுகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

50 மி.மீ. சல்லடை போட்டும் சில்லுகள், அதாவது வெட்டுப்பட்ட டயர் துண்டுகள், நீள நீளமாக வருகின்றன, 40 போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குகிறவர் ஒரு லோடைத் திருப்பி அனுப்பியிருப்பார், அல்லது அனுப்பப்போவதாக மிரட்டியிருப்பார். இயந்திரம் விற்றவர் “சின்னச் சல்லடை இருக்கிறது, விலை இவ்வளவு” என்று சொல்லியிருப்பார். எனக்கும் இதேதான் நடந்தது. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக முடியவில்லை.

மதுரைக்குத் தெற்கே, கப்பலூர் பக்கத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பழைய டயர்களைத் துண்டாக்கிக் கொடுக்கிறேன். என்னுடையது இரட்டை ஷாஃப்ட் இயந்திரம், அதாவது எதிரெதிராகச் சுழலும் இரண்டு தண்டுகள் கொண்டது. ஒவ்வொரு ஷாஃப்டிலும் 10 பிளேடு, அவற்றுக்கு நடுவே இடம் விடுவதற்கு 10 ஸ்பேசர் வளையம். பிளேடின் தடிப்பு 50 மி.மீ., ஸ்பேசர் 51. ஒரு ஷாஃப்டின் பிளேடு எதிர் ஷாஃப்டின் ஸ்பேசருக்கு நேராக, அந்தப் பள்ளத்துக்குள் சுழலும். ஆகவே பிளேடின் இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் இடைவெளி. டயர் வெட்டுப்படுவது அந்த அரை மில்லிமீட்டரில்தான். துண்டின் அகலத்தைப் பிளேடின் தடிப்பு தீர்மானிக்கிறது. நீளத்தைப் பிளேடில் எத்தனை கொக்கி இருக்கிறது, டயர் எந்த வாக்கில் விழுகிறது என்பவை தீர்மானிக்கின்றன. வெட்டி விழுந்ததைச் சலிக்கும் சுழல் சல்லடை எதையும் வெட்டுவதில்லை. பெரியதைத் தனியாகப் பிரித்துக் கன்வேயரில் மறுபடி மேலே அனுப்புகிறது, அவ்வளவுதான்.

சல்லடைதான் அளவைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் பலருக்கும் இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் கட்ட இயந்திரத்தில், அதாவது ஒற்றை ரோட்டரும் அசையாத கத்தியும் அடியில் சல்லடையும் உள்ளதில், அது உண்மை. துளை வழியாக விழும் அளவு வரும்வரை துண்டு உள்ளேயே சுற்றிச் சுற்றி அறுபடும். என்னுடையது போன்ற முதல் கட்டத் துண்டாக்கி அப்படி வேலை செய்வதில்லை. அதில் 20 மி.மீ.க்குக் கீழே எதிர்பார்க்கிறீர்கள் என்றால் எதை மாற்றினாலும் வராது, இரண்டாம் கட்ட இயந்திரம் வாங்க வேண்டும். தார்ச்சாலைக்குப் போகும் 30 மெஷ் தூளுக்கு, அதாவது 0.6 மி.மீ. அளவுக்கு, அதற்கும் பிறகு அரைக்கும் இயந்திரங்கள் தேவை.

இனி என் கதை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் ஒரு லோடு திரும்பி வந்தது. 50 மி.மீ. சில்லு என்பது ஒப்பந்தம். லாரியில் ஏறி அள்ளிப் பார்த்தேன். விரல் போல 150 மி.மீ. நீளத்துக்குத் துண்டுகள், முனையில் மீசை மாதிரிக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. நீளமான துண்டு தலைகீழாக நின்றால் 50 மி.மீ. துளைக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். துளை அகலத்தைத்தான் பார்க்கும், நீளத்தைப் பார்க்காது. இது புரியாமல் 40 மி.மீ. சல்லடையை வாங்கிப் போட்டேன்.

முதல் நாளே மணிக்கு வந்துகொண்டிருந்த எடை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. திரும்புகிற கன்வேயரில் ஒரே சரக்கு மூன்றாவது, நான்காவது தடவையாகப் போய்க்கொண்டிருந்தது. மோட்டாரின் ஆம்பியர் முள் இறங்கவே இல்லை. ஓவர்லோடாகிப் பிளேடுகள் தானாகப் பின்னோக்கிச் சுழன்று நிற்பது, எப்போதாவது ஒரு முறை என்பது போய், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றானது. கொட்டிய சில்லைக் கையில் எடுத்தால் சுட்டது, கருகிய ரப்பர் வாடை அடித்தது. விரல் துண்டுகள் மட்டும் குறையவில்லை, கொஞ்சம் ஒல்லியாக வந்தன.

பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் பக்கம் பட்டறைகளுக்கு வந்து வேலை பார்த்துக் கொடுப்பார். அவரை அழைத்தேன். வந்தவர் சல்லடையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டச் சொன்னார். சாவியை வாங்கித் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அதன் பிறகே மூடியைத் திறந்தார். சந்தின் அகலத்தை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகப் பிளேடின் ஓரத்தில் செருகி, சாக்கட்டியால் இயந்திரத்தின் உடம்பிலேயே எண்களை எழுதிக்கொண்டு போனார். ஒரு பக்கம் 0.2. மறுபக்கம் 1.2. கடைசிப் பிளேடு வரை இதே கணக்கு.

“தம்பி, கத்தரிக்கோலில் திருகு தளர்ந்தால் துணி அறுபடுமா, மடங்குமா?” என்று கேட்டார்.

நடந்தது இதுதான். இரண்டு மாதங்களுக்கு முன் மழுங்கிய பிளேடுகளைச் சாணை பிடிக்க வெளியே ஒரு பட்டறைக்குக் கொடுத்திருந்தேன். முகத்தைத் தேய்த்து, 50 மி.மீ. பிளேடுகளை 49.6 ஆக்கிக் கொடுத்தார்கள். ஸ்பேசர்கள் 51-லேயே நின்றன. மொத்த இடைவெளி 1 மி.மீ.யிலிருந்து 1.4 ஆனது. பிளேடு அடுக்கைப் பிடித்து நிறுத்தும் லாக் நட்டை இறுக்கும்போது ஷாஃப்ட் ஒரு பக்கமாக ஒதுங்கியதால், அந்த 1.4 சமமாகப் பிரியாமல் 0.2 என்றும் 1.2 என்றும் உட்கார்ந்துவிட்டது. 1.2 இடைவெளியில் கம்பியோடு சேர்ந்த ரப்பர் அறுபடாமல் மடங்கி இழுபடும். ரேடியல் டயரின் எஃகு நூல் அந்தச் சந்துக்குள் அப்படியே படுத்துக்கொள்ளும். நான் பார்த்த மீசை அங்கிருந்துதான் வந்தது.

சரிசெய்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்குக் கணக்கு உதவும். ஸ்பேசர்கள் இருபதையும் 50.6-க்குத் தேய்த்தோம். பிளேடு 49.6, ஸ்பேசர் 50.6, இடைவெளி மறுபடி பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர். ஆனால் ஒரு பிளேடு, ஒரு ஸ்பேசர் என்று ஒவ்வொரு ஜோடியிலும் 0.8 குறைந்ததால், பத்து ஜோடிக்கு ஷாஃப்டின் அடுக்கு 8 மி.மீ. சுருங்கியது. அதை ஒரே முனையில் ஈடுகட்டினால் பக்கச் சுவரில் ஒரு பெரிய சந்து விழும். ஆகவே இரு முனையிலும் 4 மி.மீ. வளையம் வைத்து இறுக்கினோம். பழைய 50 மி.மீ. சல்லடையை மறுபடி மாட்டினோம். விரல் துண்டுகள் அடியோடு நின்றன என்று சொல்ல மாட்டேன். வாளிக்கு ஒன்றிரண்டு வந்தன. அதை வாங்குகிறவர் ஏற்றுக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு ஒரு பிளேடை மட்டும் கழற்றிச் சாணைக்கு அனுப்பிவிடாதீர்கள். தேய்த்தால் இரண்டு ஷாஃப்டிலும் முழு செட்டையும் ஒரே அளவுக்குத் தேய்க்க வேண்டும். ஒரு ஷாஃப்டில் மட்டும் குறைந்தால் வித்தியாசம் ஜோடிக்கு ஜோடி கூடிக்கொண்டே போய், கடைசிப் பிளேடு எதிர்ப் பிளேடின் மீது உரசும்.

பொறியியல் படித்தவர்கள் “அரை மில்லிமீட்டரே அதிகம்” என்று சொல்லக்கூடும். என் இயந்திரத்துக்கு, அதன் பேரிங்குகளின் வயதுக்கு, நான் ஓட்டும் சரக்குக்கு அது ஒத்துவருகிறது. உங்களுடையதற்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் அளவுதான் சரி. பிளேடையே மெல்லியதாக மாற்றலாமே என்றும் கேட்பார்கள். மாற்றலாம், துண்டின் அகலம் உண்மையாகவே குறையும். ஆனால் பிளேடும் ஸ்பேசரும் மொத்தமாகப் புதிதாக வாங்க வேண்டும், ஷாஃப்டை முழுக்க உருவ வேண்டும். என் போன்ற சிறு பட்டறைக்கு அது ஒரு வருட லாபம்.

சரக்கையும் கவனியுங்கள். எங்கள் பக்கம் கார், லாரி ரேடியல்களோடு, வாடிப்பட்டி, மேலூர் வயல்களிலிருந்து டிராக்டரின் நைலான் டயர்களும் கலந்து வரும். நைலான் டயரில் ஓரத்து பீடு கம்பியைத் தவிர எஃகு கிடையாது. அது இழுபட்டு நீளும், இடைவெளி சற்றுக் கூடினாலும் மடங்கும். இரண்டையும் தனித்தனியாக ஓட்டினாலே அளவில் வித்தியாசம் தெரியும். செம்மண் அப்பிய டயரைத் தட்டிவிட்டுப் போடுங்கள், மண்ணைப் போலப் பிளேடைத் தேய்ப்பது வேறொன்றும் இல்லை. லாரி டயரின் பீடு கம்பியை முன்கூட்டியே உருவி எடுத்துவிட்டால் பிளேடின் ஆயுள் கூடும்.

வாங்குகிறவரிடம் “50 மி.மீ.” என்றால் என்ன என்பதை எழுதி வாங்குங்கள். எல்லாமே 50-க்குள்ளா, நூற்றுக்கு எவ்வளவு மீறலாம், நீளத்துக்கு வரம்பு உண்டா, கம்பி எவ்வளவு நீட்டலாம். நான் எழுதி வாங்காததன் விலை ஒரு லோடு.

வாங்குகிறவர் என்றதும் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில்லு 20 மி.மீ. நீண்டால் லாரியைத் திருப்புகிறவர்கள் பணத்தை மூன்று மாதம் நீட்டுகிறார்கள். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி எங்களைப் போன்ற குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கினால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த வட்டியை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. வாரச் சம்பளம் வாங்குகிற ஆறு பேருக்கு 90 நாள் கணக்கை எப்படிச் சொல்வது? அளவில் கறாராக இருக்கட்டும், அது அவர்கள் உரிமை. தேதியிலும் அந்தக் கறார் வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

சரி, உங்கள் இயந்திரத்துக்கு வருவோம். மின்சாரத்தைப் பூட்டி, சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லாப் பிளேடுகளுக்கும் இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். பிளேடின் தடிப்பு, ஸ்பேசரின் தடிப்பு, கடைசியாக எப்போது சாணை பிடித்தீர்கள், ஓடும்போது ஆம்பியர் எவ்வளவு என்பவற்றையும் இங்கேயே சேர்த்துப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை, பெரியவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துச் சொல்கிறேன்.