கன்விக்ஷன்: நம்பிக்கையா, குற்றத்தீர்ப்பா?

கேள்வி: அண்ணன் வழக்கில் வந்த ஆங்கிலத் தீர்ப்பைக் கைபேசியில் தமிழாக்கிப் பார்த்தோம். ‘கன்விக்ஷன்’ வரும் இடமெல்லாம் ‘நம்பிக்கை’ என்றே வந்தது. ‘நம்பிக்கை உறுதி செய்யப்படுகிறது’ என்று கடைசியில் ஒரு வரி. நல்ல சேதி என்று நினைத்து அம்மா கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தார். வக்கீல் குமாஸ்தா வேறு மாதிரி சொல்கிறார். எது சரி?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: குமாஸ்தா சொல்வதுதான் சரி, சகோதரி. கீழ்நீதிமன்றம் உங்கள் அண்ணனைக் குற்றவாளி என்று தீர்மானித்ததை மேல்நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது என்பதே அந்த வரியின் பொருள். அங்கே வர வேண்டிய சொல் ‘குற்றத்தீர்ப்பு’.

இலத்தீனில் ‘வின்க்கரே’ என்றால் வெல்லுதல். முன்னே ‘கான்’ சேர்ந்தால் முழுக்க வெல்லுதல். சாட்சியம் காட்டி எதிரியை வென்றாலும், காரணம் காட்டி ஒருவர் மனத்திலிருக்கும் ஐயத்தை வென்றாலும், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இந்த ஒரே சொல்தான். குற்றப் பொருளே மூத்தது, நம்பிக்கைப் பொருள் பிறகு வந்தது. இரண்டையும் தாங்கும் ஒரே சொல் தமிழில் இல்லை என்பதால் இடம் பார்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும். அருகில் சட்டப்பிரிவு எண், தண்டனை, மேல்முறையீடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் குற்றத்தீர்ப்பு என்று எழுதுங்கள். கொள்கை, மதம், பேச்சு, மனம் பற்றிய வரியாக இருந்தால் நம்பிக்கையின் பக்கம் வாருங்கள்.

கைபேசியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மனிதர்கள் செய்யும் இன்னொரு தவறு இதைவிடப் பரவலானது. கன்விக்ஷனைத் ‘தண்டனை’ என்று எழுதிவிடுகிறார்கள். வழக்கின் படிகள் இப்படிப் போகும்: குற்றச்சாட்டு வனைதல், சாட்சி விசாரணை, குற்றத்தீர்ப்பு, அதன் பிறகுதான் தண்டனை. செஷன்ஸ் (மாவட்ட அமர்வு நீதிமன்ற) வழக்கில் குற்றவாளி என்று அறிவித்த பின், தண்டனை பற்றிக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பைத் தனியே கேட்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 235ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 258ஆம் பிரிவு.

தண்டனையே இல்லாத குற்றத்தீர்ப்பும் உண்டு. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் 4ஆம் பிரிவின்படி, சிறைக்கு அனுப்பாமல் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஒருவரை விடலாம். அவர் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்காமல் போகலாம். ஆனால் குற்றத்தீர்ப்பு அவர் பேரில் இருக்கும். அதைத் ‘தண்டனை’ என்று மொழிபெயர்த்தால் நடக்காத ஒன்றை எழுதியதாகிவிடும்.

‘தண்டனை நிறுத்திவைப்பு’ என்ற சொல்லிலும் இதே சிக்கல். மேல்முறையீடு முடியும்வரை சிறைவாசத்தை நிறுத்திவைப்பது ஒன்று. குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைப்பது வேறொன்று. முன்னதை நீதிமன்றங்கள் அடிக்கடி தருகின்றன, பின்னது அரிது. 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரின் பதவி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8(3)ஆம் பிரிவால் போகிறது. சிறைவாசத்தை மட்டும் நிறுத்திவைத்தால் அந்தப் பதவி திரும்பாது. குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைத்தால்தான் திரும்பும். இரண்டையும் ‘தண்டனைக்குத் தடை’ என்று ஒரே தலைப்பில் போட்டால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல்முறையீடு செய்யத்தக்க தீர்ப்பில், குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டவர் மனு கொடுத்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை இலவசமாகத் தர வேண்டும். இயன்றால் அவருடைய தாய்மொழியிலேயே மொழிபெயர்த்துத் தர வேண்டும். பழைய சட்டத்தில் 363, புதியதில் 404. பாலக்காட்டு நீதிமன்றமானாலும் தமிழில் கேட்கலாம். அடுத்த முறை கைபேசியை நம்பாமல் அந்த மனுவை எழுதுங்கள். ஆனால் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள். கீழ்நீதிமன்றத் தீர்ப்பின் மேல் செஷன்ஸுக்குப் போக 30 நாள், உயர்நீதிமன்றத்துக்குப் போக 60 நாள்தான்.

கேள்வி: மலையாளப் பத்திரிகையில் ‘பிரதியை வெறுதெ விட்டு’ என்று போடுகிறார்கள். விசாரிக்காமல் சும்மா விட்டுவிட்டார்களா?
— வாசகர், வேலந்தாவளம்

பதில்: விசாரித்துத்தான் விட்டார்கள். மலையாளத்தில் அது குற்றம் மெய்ப்பிக்கப்படாததால் விடுவித்ததைச் சொல்லும் வழக்கு. ‘பிரதி’ நம் நகல் அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர். ‘ஒண்ணாம் பிரதி’யை ‘முதல் நகல்’ என்று எழுதினால் வழக்கே தலைகீழாகும்; தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் அவர் ‘முதல் எதிரி’. ‘விதி நாளை’ என்றால் தலைவிதி அல்ல, தீர்ப்பு நாளை. ‘சிட்ச’ தண்டனை. ‘குற்றக்காரனென்று கண்டெத்தி’ என்றால்தான் நாம் பேசிய குற்றத்தீர்ப்பு.

நம் ‘விடுதலை’யும் தெளிவான சொல் இல்லை. சிறைக்காலம் முடிந்து வந்தவரும் விடுதலை, குற்றமற்றவர் என்று வந்தவரும் விடுதலை. எழுதும்போது ‘குற்றமற்றவர் எனத் தீர்ப்பு’ என்று முழுசாக எழுதுங்கள். விசாரணை தொடங்கும் முன்பே ஆதாரம் போதாமல் அனுப்பிவிட்டால் ‘குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பு’. படிவத்தில் கன்விக்ஷன் உண்டா என்று கேட்டால், குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவரும் இப்படி விடுவிக்கப்பட்டவரும் ‘இல்லை’ என்றே நிரப்பலாம். கைதோ வழக்கோ உண்டா என்று தனியே கேட்டிருந்தால் மட்டும் ‘உண்டு’ என்று எழுதி, முடிவையும் சேர்த்து எழுத வேண்டும்.

கேள்வி: ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்குகிறேன். ‘நம்பிக்கை’ என்று எழுதினால் சப்பென்று இருக்கிறது, ‘மன உறுதி’ பொருந்தவில்லை. வேறு சொற்கள் வேண்டும்.
— கல்லூரி மாணவி, சித்தூர், பாலக்காடு

பதில்: சப்பென்று இருப்பதற்குக் காரணம், ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்ப்பது. மழை வரும் என்ற எதிர்பார்ப்பும் நம்பிக்கை, கடன் கொடுக்கும் நம்பகமும் நம்பிக்கை, கடவுள் உண்டு என்பதும் நம்பிக்கை. ‘மன உறுதி’ துன்பத்தைத் தாங்கும் திடம். எண்ணத்தைப் பற்றியதே அல்ல. அதை நீங்கள் விட்டது சரிதான்.

அசைக்க முடியாமல் ஊன்றியது என்றால் ‘உறுதிப்பாடு’ அல்லது ‘திட நம்பிக்கை’. அரசியல், சமூகக் கருத்தானால் ‘கொள்கைப் பிடிப்பு’. ஒருவர் கன்விக்ஷனோடு பேசினார் என்பதற்குப் பெயர்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம், ‘ஆணித்தரமாகப் பேசினார்’ போதும். அது இல்லாத பேச்சைப் ‘பிடிப்பில்லாத பேச்சு’ என்போம். வாதத்துக்கு இணங்காதவர் ‘என் மனசு ஒப்பவில்லை’ என்பார். மலையாளத்தில் ‘போத்யமாயில்ல’ என்பதும் அதேதான்.

ஆராய்ந்த பின் வரும் உறுதிக்கென்று தமிழில் தனிச்சொல்லே இருக்கிறது: தெளிவு. திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரம். முதலில் ஆராய்ச்சி, அப்புறம்தான் தெளிதல். ‘தேரான் தெளிவு’, அதாவது ஆராயாமல் நம்புவது, தீராத துன்பம் தரும் என்கிறது 510ஆம் குறள். பொருளில் அதற்கு நெருக்கமான ‘தேற்றம்’ இலக்கணத்திலும் இருக்கிறது, கணக்கிலும் இருக்கிறது. ‘நானே பார்த்தேன், உண்மையே’ என்னும்போது ‘உண்மையே’யில் வரும் ஏகாரம் தேற்றம்; பிதாகரஸ் பெயரில் வழங்குவதும் தேற்றம். அறிவுவழி வந்த நம்பிக்கை என்று உங்கள் கட்டுரை சொல்லுமானால் ‘தெளிந்த உறுதி’ என்று எழுதிப் பாருங்கள்.

சொல்லின் இரண்டு முகமும் சேரும் இடம் ஒன்று உண்டு. சாட்சியச் சட்டம் 1872இலும், அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும், ஒன்று ‘மெய்ப்பிக்கப்பட்டது’ என்பதற்கு விளக்கம் தரும்போது, நீதிமன்றம் அதை நம்ப வேண்டும், அல்லது விவேகமுள்ள ஒருவர் உண்மையென்று கொண்டு செயல்படும் அளவுக்கு அதற்கு வாய்ப்பிருப்பதாகக் கருத வேண்டும் என்கிறார்கள். நீதிபதியின் தெளிவே எதிரியின் குற்றத்தீர்ப்பாகிறது.

கேள்வி: எஸ்டேட் சபைக்கு ஆங்கிலப் பிரசங்கத்தைத் தமிழில் சொல்கிறேன். ‘கன்விக்ஷன் ஆஃப் சின்’ வந்தால் திணறுகிறேன்.
— வாசகர், பீருமேடு

பதில்: ‘பாவ உணர்வு’ என்று சொல்லுங்கள் ஐயா. வினையாக வந்தால் தமிழ் வேதாகமத்தில் யோவான் 16:8இல் உள்ள ‘கண்டித்து உணர்த்துவார்’ என்பதே மிகப் பொருத்தம். குற்றத்தை நிலைநாட்டுவது ‘கண்டித்து’ என்பதில் இருக்கிறது, மனம் ஏற்பது ‘உணர்த்து’ என்பதில் இருக்கிறது. ‘குற்ற உணர்ச்சி’ என்று சொல்லாதீர்கள். அது மனசு உறுத்துவதை மட்டும் சொல்லும். குற்றமே செய்யாதவருக்கும் அது வரும். ‘விசுவாசம்’ உங்கள் சபைக்குள் சரியாக விளங்கும். வெளியே தமிழ்நாட்டில் அதை எசமான விசுவாசம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: தெலுங்கு சம்மனில் ‘நேரம்’ என்று இருந்ததை, ஆஜராக வேண்டிய மணி என்று நினைத்துவிட்டேன்.
— வாசகர், நகரி

பதில்: தெலுங்கில் ‘நேரம்’ குற்றம், ‘முத்தாயி’ குற்றம் சாட்டப்பட்டவர், ‘தோஷி’ குற்றவாளி. மணி வேண்டுமானால் ‘கண்டலு’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், எண் அதற்கு முன்னால் இருக்கும்.