நேற்றுச் சேர்த்த பெயர் இன்று எங்கே போனது?

மானிப்பாயிலிருந்து ஒரு மாணவி கேட்கிறார்: “அப்பாவின் பலசரக்குக் கடைக் கடன் கொப்பியை சி மொழியில் நிரலாக எழுதினேன். புதிய வாடிக்கையாளரைச் சேர்த்து உடனே அவர் கட்டிய காசைப் பதிந்தால் வேலை செய்கிறது. அடுத்த நாள் நிரலைத் திறந்து அதே ஆளுக்குக் காசு பதிந்தால் ‘செக்மென்டேஷன் ஃபோல்ட்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. சுட்டி வெறுமையாக இருந்தால் ஒன்றும் செய்யாதே என்று ஒரு வரி சேர்க்கும்படி தோழி சொன்னாள். பத்து நாளாக நிரல் நிற்கவே இல்லை. ஆனால் இது சரியான திருத்தமா என்று சந்தேகமாக இருக்கிறது. நிரலையும் இணைத்திருக்கிறேன்.”

உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த வரியை இப்போதே அழித்துவிடுங்கள். நிரல் மறுபடி விழட்டும். விழும்போதுதான் அது நமக்கு ஏதாவது சொல்கிறது.

நீங்கள் அனுப்பிய நிரலில் விழும் இடம் இது. பெயர்களை மட்டும் தமிழாக்கியிருக்கிறேன்:

க = தேடு(பட்டியல், பெயர்);
க->நிலுவை = க->நிலுவை - தொகை;

சுட்டி என்பது நினைவகத்தின் ஒரு முகவரியை வைத்திருக்கும் மாறி. இரண்டாம் வரியில் ‘க’ வெற்றுச் சுட்டி. அதாவது அதன் மதிப்புப் பூச்சியம். லினக்ஸ் தன் நினைவகத்தின் அடிமட்ட முகவரிகளை, வழமையாக முதல் 65,536 பைட்டுகளை, எந்தச் சாதாரண நிரலுக்கும் கொடுப்பதில்லை. அங்கே கை வைத்தால் 11ஆம் இலக்க சமிக்ஞையை அனுப்பி நிரலை நிறுத்திவிடும். நீங்கள் கண்ட ‘செக்மென்டேஷன் ஃபோல்ட்’ இதுதான். முனையத்தில் வெளியேறும் எண்ணைக் கேட்டால் 139 என்று வரும். 128உடன் இந்த 11ஐக் கூட்டிய தொகை அது.

இனி வேலைக்கு வருவோம். சி நிரலை ஓடக்கூடியதாக மாற்றும் தொகுப்பியான ஜி.சி.சி.யின் கட்டளையோடு ‘-ஜி’, ‘-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்’ என்ற இரண்டையும் சேர்த்துத் தொகுங்கள். முதலாவது, நிரலுக்குள் வரி எண்களைப் பதிந்து வைக்கும். இரண்டாவது, அட்ரஸ் சானிடைசர் என்னும் காவலாளியை உள்ளே இருத்தும். நேற்றுச் சேர்த்த ஆளுக்குக் காசு பதியுங்கள். விழுந்ததும் எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், எந்தச் செயற்கூறு எதை அழைத்து அங்கே வந்தது என்று முழு வழியையும் அது அச்சிடும். அதில் பலர் பார்க்காமல் தாண்டிப்போகும் ஓர் எண் உண்டு: நிரல் தொட முயன்ற முகவரி. உங்கள் நிரல் 64 பிட் கணினியில் ஓடினால் அது நீண்ட பூச்சிய வரிசையின் கடைசியில் 30 என்று முடியும்.

சுட்டி பூச்சியமென்றால் முகவரியும் பூச்சியமாக அல்லவா இருக்க வேண்டும்? இந்த 30 எங்கிருந்து வந்தது? முகவரிகள் பதினாறின் அடியில் எழுதப்படுபவை. எனவே இந்த 30, நாம் எண்ணும் 48. ஒரு வாடிக்கையாளரின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் உங்கள் ஸ்ட்ரக்டைக் கொப்பியில் பெட்டி பெட்டியாகக் கீறிப் பாருங்கள். இலக்கத்துக்கு 4 பைட். பெயருக்கு 40. சேர்த்து 44. அடுத்தது நிலுவை, தசம எண்ணுக்கான டபுள் வகை, 8 பைட். அது எட்டால் வகுபடும் இடத்தில்தான் உட்காரும், ஆகவே நான்கு பைட்டுகளைச் சும்மா விட்டுவிட்டு 48இல் தொடங்குகிறது. பூச்சியத்திலிருந்து 48 பைட் தள்ளி இருப்பதைப் படிக்கப் போய் விழுந்திருக்கிறது. அடுத்தவரைக் காட்டும் சுட்டியைப் படிக்கும்போது விழுந்திருந்தால் எண் 56 ஆகியிருக்கும். திரையில் 38 என்று தெரியும். ஒரே வரியில் நான்கைந்து அம்புக்குறிகள் இருக்கும்போது எது வெறுமை என்பதை இந்த எண்ணை வைத்தே சொல்லிவிடலாம். மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில், கணினி கிடைக்கும் நாள்வரை நாங்கள் சி நிரல்களை இப்படித்தான் பெட்டி கீறி, பென்சிலால் ஓட்டிப் பார்த்தோம். அந்தப் பழக்கம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. முகவரி இப்படிச் சின்ன எண்ணாக இல்லாமல் நீளமாகவும் விசித்திரமாகவும் இருந்தால் அது வேறு நோய்: பெரும்பாலும் ஃப்ரீ செய்துவிட்ட, அதாவது வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்ட இடத்தையோ, தொடக்க மதிப்பே கொடுக்காத சுட்டியையோ தொட்டிருப்பீர்கள். ஃப்ரீ செய்வதால் சுட்டி தானாக வெறுமையாகிவிடாது.

விழுந்த வரி தெரிந்துவிட்டது. ஆனால் குற்றம் அந்த வரியில் இல்லை. அது பிணம் கிடந்த இடம். கொலை வேறெங்கோ நடந்திருக்கிறது. ‘க’வுக்கு வெறுமையைக் கொடுத்தது ‘தேடு’ என்னும் செயற்கூறு. ஏன் கொடுத்தது? பெயர் பொருந்தவில்லை என்பதால். நேற்றுச் சேர்த்த பெயர், கோப்பிலும் கண்ணுக்குத் தெரிகிறது, பிறகு ஏன் பொருந்தவில்லை?

இதற்கு, ஓடும் நிரலை இடையில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் ஜி.டி.பி.யைத் திறவுங்கள். தேடு செயற்கூற்றில் ‘பிரேக்’ வைத்து ‘ரன்’ கொடுங்கள். நின்றதும், தட்டச்சிட்ட பெயரை ‘பிரிண்ட்’ செய்து பாருங்கள். பிறகு பட்டியலின் முதல் ஆளின் பெயரையும் பாருங்கள். தட்டச்சிட்டதன் இறுதியில் ஒரு பின்சாய்கோடும் ‘என்’ எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டியலில் உள்ள பெயரில் அது இராது. அது நீங்கள் என்டர் விசையை அழுத்திய புதுவரிக் குறி. தட்டச்சிட்ட வரியை வாங்கும் எஃப்கெட்ஸ் அந்த வாலையும் சேர்த்தே வாங்கி வைக்கும்.

இப்போது முழுக் கதையும் பொருந்துகிறது. இன்றைக்குச் சேர்த்த ஆளின் பெயரிலும் வால் உண்டு, தேடத் தட்டச்சிடும் பெயரிலும் வால் உண்டு, இரண்டும் பொருந்தின. கோப்பில் எழுதும்போது பெயரைக் கடைசியாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அந்த வாலே வரியின் முடிவாகிவிட்டது. மறுநாள் வாசிக்கும்போது எஸ்டிஆர்டோக் கொண்டு காற்புள்ளியிலும் புதுவரியிலும் வெட்டுகிறீர்கள். வால் போய்விட்டது. வாலில்லாத பெயரும் வாலுள்ள பெயரும், சொற்களை ஒப்பிடும் எஸ்டிஆர்கம்ப்புக்கு இரண்டு வேறு ஆட்கள்.

திருத்தம் ஒரே வரி. எஃப்கெட்ஸ் வாங்கிய உடனே, புதுவரிக் குறி எத்தனையாவது இடத்தில் இருக்கிறதென்று எஸ்டிஆர்சிஸ்பன்னிடம் கேட்டு, அந்த இடத்தில் பூச்சியம் வையுங்கள். குறியே இல்லாவிட்டாலும் இது பாதகம் செய்யாது. சொல்லின் முடிவில் ஏற்கெனவே இருக்கும் பூச்சியத்தின் மேல் இன்னொரு பூச்சியம் விழும், அவ்வளவுதான்.

குறி இல்லாமல் போகும் சந்தர்ப்பமும் உங்கள் நிரலில் உண்டு. பெயர்களைத் தமிழில் தட்டச்சிடுகிறீர்கள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘திருநாவுக்கரசு’ என்ற பெயரில் எழுத்தும் துணைக்குறியும் புள்ளியுமாக 14 குறிகள், ஆக 42 பைட். 40 பைட் பெட்டிக்கு எஃப்கெட்ஸ் 39 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். திருநாவுக்கரசர் தன் கடைசி உகரத்தை இழப்பார். அந்த உகரமும் என்டரும் உள்ளே காத்திருந்து, அடுத்ததாக நீங்கள் கேட்கும் தொகையின் இடத்தில் வந்து நிற்கும். பெட்டியை 200 ஆக்குங்கள். ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியலுக்கு நினைவகத்தைச் சிக்கனப்படுத்த வேண்டிய தேவை இல்லை.

வெறுமையைச் சோதிப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. எஃப்ஓப்பன் கோப்பைத் திறக்க முடியாவிட்டால் வெறுமை தரும். விண்டோஸில் எழுதிய நிரலை லினக்ஸுக்குக் கொண்டுவந்தால் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடே அதற்குப் போதும். தேடு வெறுமை தருவதும் இயல்பு. பெயரைப் பிழையாகத் தட்டச்சிடாதவர் யார்? சோதியுங்கள், ஆனால் சோதித்துவிட்டு வாய் திறவுங்கள்: ‘இந்தப் பெயரில் ஆள் இல்லை’ என்று திரையில் சொல்லி மறுபடி கேளுங்கள். சோதனையை அம்புக்குறிக்கு முன்பே வையுங்கள். முதலில் க->நிலுவையைப் படித்துவிட்டுப் பிறகு ‘க’ வெறுமையா என்று கேட்டால், படித்துவிட்டபடியால் அது வெறுமையாக இருக்க முடியாது என்று முடிவுகட்டி, உங்கள் சோதனையையே தொகுப்பி தூக்கி எறிந்துவிடலாம். 2009இல் லினக்ஸின் மையப் பகுதியான கருவிலேயே (கெர்னல்) இப்படியொரு ஓட்டை அகப்பட்டது.

வெற்றுச் சுட்டி என்ற எண்ணத்தை 1965இல் அல்கால் டபிள்யூ என்னும் நிரல்மொழிக்காகக் கொண்டுவந்தவர் கணினி அறிஞர் டோனி ஹோர். பிற்காலத்தில் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று அவரே சொன்னார். உங்கள் அப்பாவின் கணக்கு அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் அந்தப் பத்து நாட்களை நினைத்துப் பாருங்கள். பழைய வாடிக்கையாளர்கள் காசு கட்டினார்கள். தேடு வெறுமை தந்தது. தோழி சொன்ன வரி பேசாமல் திரும்பியது. அதன்பின் உங்கள் நிரல் ‘பதிவு செய்யப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கிறது. அந்த அச்சு வரியையும் பார்த்தேன். ஒருவருடைய காசும் கழிபடவில்லை.

அவற்றை மீட்க ஜி.டி.பி.யாலும் முடியாது. அப்பா பழைய கொப்பியை இன்னும் கைவிடாமல் எழுதிவந்தால் நல்லது. அந்தப் பத்து நாள் பக்கங்களை எடுத்து, கடன் கட்டிய பழையவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் சேர்ந்த அன்றே கட்டியது ஏற்கெனவே கழிந்திருக்கும். அதை மறுபடி பதிந்துவிடாதீர்கள். அதற்கு முன் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.