கடைசல்: வாசகர் கேள்வி – பதில்

வெட்டி ஒரு கிழமையான பூவரசங் குற்றியில் 6 அங்குல அகலச் சாடி கடைந்தேன். சுவர் 8 மி.மீ., அடி 1 அங்குலம். பத்தாம் நாள் அடியில் வெடித்து, கீறல் மேலே ஏறிவிட்டது. மரம் கூடாததா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

மரத்தில் பிழையில்லை. குற்றியைப் பிளக்காமல் முழுதாகக் கடைசல் இயந்திரத்தில் மாட்டியிருப்பீர்கள். மரத்தின் நெஞ்சு, அதாவது வளையங்களின் நடுப்புள்ளி, அடியின் நடுவில் நின்றிருக்கும். காயும் மரம் பட்டையிலிருந்து நெஞ்சை நோக்கிச் சுருங்குவதைவிட, வளையச் சுற்றில் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். நெஞ்சைச் சுற்றி முழு வளையம் இருந்தால் அந்த இழுவைக்குப் போக்கிடமில்லை. போதாததற்கு மெல்லிய சுவர் முந்திக் காய, தடித்த அடி ஈரமாகவே நிற்கிறது.

அடுத்த குற்றியை நெஞ்சோடு நெடுக்காகப் பிளந்து, நெஞ்சை வாளால் அரிந்துவிட்டு மாட்டுங்கள். 6 அங்குலச் சாடிக்கு 14 அங்குலக் குற்றியாவது வேண்டும். கிடைக்காவிட்டால் சாடியைச் சிறிதாக்குங்கள். முதற் கடைசலில் சுவரையும் அடியையும் ஒரே அளவில், 15 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். வாயிலும் அடியிலும் உருக்கிய மெழுகு பூசி, அதே மரத்தின் சீவலோடு சீமெந்துத் தாள்பைக்குள் வையுங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பட்டறை வாசலில் வைத்தால் எந்த மெழுகும் காப்பாற்றாது. மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், ஈரச் சீவலை மாற்றுங்கள். கிழமைக்கொரு தடவை சமையல் தராசில் நிறுத்து, நிறையை அடியிலேயே பென்சிலால் எழுதுங்கள். தொடர்ந்து 3 கிழமை நிறை மாறாவிட்டால் இரண்டாங் கடைசலுக்கு எடுக்கலாம். சாடி முட்டை வடிவமாய்ச் சப்பியிருக்கும். அதைத் திருத்தத்தான் அந்த 15 மி.மீ.

உட்சுவரைக் குடையும்போது உளி கவ்வி இழுக்கிறது. ஏன்?
– வாசகர், அக்கரைப்பற்று

உளிமுனை சாடி சுழலும் மையக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. அங்கே முனை சற்றுத் தாழ்ந்தாலே சுவருக்குள் இறங்கிவிடும். மையத்துக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டிலொன்று) மேலே வைத்தால், தாழும்போது வெறும் இடத்துக்கு வரும். உளி தாங்கியை வாய்க்கு ஒட்டினாற்போல் கொண்டுவாருங்கள், 12 மி.மீ. தண்டு தாங்கியைத் தாண்டி 5 அங்குலத்துக்கு மேல் நீண்டால் அதிரும். வாய்ப்பக்கச் சுவரை முதலில் முடித்து, அங்குலம் அங்குலமாய்க் கீழே இறங்குங்கள். அடியைக் குடைந்தபின் மேலே திரும்பி வந்தால் மெல்லிய சுவர் நடுங்கும். ஈரச் சீவல் உள்ளே அடைந்தாலும் உளி சிக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தட்டிக் கொட்டுங்கள். சுழலும்போது வாய்க்குள் விரல் போடவே கூடாது.

சுவர்த் தடிப்பை அளப்பது எப்படி?
– அதே வாசகர்

சைக்கிள் சில்லுக் கம்பி போதும். இரு நுனிக்கும் 8 மி.மீ. இடைவெளி வர வளைத்து, ஒரு நுனியை உட்சுவரில் ஒட்டிப் பிடியுங்கள். வெளிநுனி சுவரில் தொட்டும் தொடாமலும் நின்றால் 8 மி.மீ. வந்துவிட்டது. சுவரில் முட்டி ஏற மறுத்தால் இன்னும் குடைய வேண்டும். வெளியே இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தில் இனி உளி வைக்காதீர்கள்.