கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றலாமா? பைக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்னுடையது 350 சிசி பிஎஸ் 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டி, 20 குதிரைத்திறன். கன்வெர்ட்டரை (சைலன்சர் குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) எடுத்தால் இன்னும் 5 கூடும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?

பதில்: ஐந்தில் ஒரு பங்கு சக்தியை விழுங்கும் அளவுக்கு அடைப்பு இருந்தால், உங்கள் வண்டி இப்போதே திணற வேண்டுமே தம்பி! தேன்கூடு மாதிரி இருக்கும் அதன் உட்புறம் புகைக்குக் கொஞ்சம் தடைதான். ஆனால் புகை அதிகமானால்தான் தடையும் அதிகமாகும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியவே தெரியாது. முழுக்க முறுக்கி உச்ச ஆர்பிஎம்மில் (எஞ்சின் சுழலும் வேகம்) போகும்போது சின்ன வித்தியாசம் வரலாம். சத்தம் ஏறியதும் பிக்கப்பும் ஏறிய மாதிரி காது நம்பிவிடும். கழற்றும் முன்னும் பின்னும் டைனோவில் (சக்தியை அளக்கும் கருவி) ஓட்டிய தாளைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் கழற்றிவிட்டேன் சார். ஆக்சிலேட்டரை விட்டால் பட் பட்டென்று வெடிக்கிறது, நடு ஆர்பிஎம்மில் இழுவையும் குறைந்துவிட்டது.

பதில்: முதலில் வெட்டி ஒட்டிய வெல்டிங்கில் கசிவு இருக்கிறதா பாருங்கள். அந்த வழியாகக் காற்று உள்ளே போனால், எரியாமல் வந்த பெட்ரோல் குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். கசிவு, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் இன்னும் வம்பு. காற்று அதிகம் என்று தவறாகப் புரிந்துகொண்டு ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதல் பெட்ரோல் ஊற்றும்.

இழுவைக்கு வேறு காரணம். 'பேக் பிரஷர் போச்சு' என்பார்கள். எஞ்சினுக்கு அழுத்தம் தேவை என்பதல்ல விஷயம். எக்சாஸ்ட் வால்வு திறக்கும்போது கிளம்பும் அழுத்த அலை, குழாயின் அளவு மாறும் இடத்தில் மோதித் திரும்பி வரும். எந்த ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும் என்பதில் அது திரும்பும் நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் அந்த இடத்தையே மாற்றிவிட்டீர்கள். போதாததற்கு, முழுக்க முறுக்கும்போது ஈசியூ பொதுவாக சென்சாரைப் பார்க்காமல் கம்பெனி எழுதிவைத்த கணக்குப்படியே பெட்ரோல் விடும். அது பழைய குழாய்க்குப் போட்ட கணக்கு. ரிமேப் (அந்தக் கணக்கைப் புதிய குழாய்க்கு ஏற்ப மாற்றுவது) செய்யாமல் வெறுமனே கழற்றினால் இப்படித்தான்.

கேள்வி: மைலேஜ்?

பதில்: எதிர்பார்க்காதீர்கள். சீராக ஓட்டும்போது சென்சாரைப் பார்த்து ஈசியூ கலவையைப் பழைய விகிதத்திலேயே வைத்திருக்கும்.

கேள்வி: என் பழைய வண்டி 60-க்கு மேல் ஏறவில்லை. கன்வெர்ட்டர் அடைத்திருக்குமோ?

பதில்: இருக்கலாம். எஞ்சின் ஆயில் குடித்தாலோ, பிளக் சரியாக எரியாமல் எரியாத பெட்ரோல் உள்ளே போனாலோ தேன்கூடு அடைக்கும், உருகும். சென்சார் துளையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடைத்திருந்தால் புதிதாக மாற்றுங்கள், ஆனால் அடைப்புக்கான மூல காரணத்தைச் சரிசெய்த பிறகு. இல்லையென்றால் புதியதும் போய்விடும்.

கேள்வி: கழற்றினால் போலீஸ் பிடிக்குமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் காற்று மாசு, சத்தம் இரண்டும் வருகின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை. வாரண்டியிலும் கை வைப்பார்கள்.

கேள்வி: கழற்றிய பழையதை மெக்கானிக்கே வைத்துக்கொண்டார். கேட்கலாமா?

பதில்: கட்டாயம் கேளுங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் பூசியிருப்பார்கள். பழைய இரும்பு விலைக்குப் போகிற சாமான் இல்லை. மறுபடி மாட்டவும் அதுதான் வேண்டும்.