டெபியனுக்கு ஆண்டு லைசன்ஸ் கட்ட வேண்டுமா?

கேள்வி: அச்சகம் நடத்துகிறேன். 2022இல் தெரிந்த சர்வீஸ்காரர் ஒருவர் எங்கள் நான்கு கணினிகளிலும் டெபியன் 11 போட்டுக் கொடுத்தார். இப்போது, ‘லைசன்ஸ் முடிகிறது, கணினிக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் கட்டாவிட்டால் அப்டேட் வராது, லாக் ஆகிவிடும்’ என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். டெபியனுக்கு லைசன்ஸ் கட்டணமே கிடையாது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய நாளிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து பராமரித்துவரும், லினக்ஸ் வகையைச் சேர்ந்த இலவச இயங்குதளம் அது. சாவி எண் இல்லை, புதுப்பிக்கச் சந்தா இல்லை, தானாகப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. அதைத்தான் அவர் லைசன்ஸ் என்று திரித்துச் சொல்கிறார். 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11க்கு முதல் மூன்று ஆண்டுகள் பாதுகாப்புக் குழுவும், அடுத்த இரண்டு ஆண்டுகள் நீண்டகால ஆதரவுக் குழுவும் திருத்தங்கள் தருகின்றன. 2026 ஆகஸ்டோடு அது முடிகிறது. அதற்குப் பிறகும் கணினி ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆள் இருக்காது. ஊரார் பென் டிரைவெல்லாம் செருகும் அச்சகத்துக்கு அது ஆபத்து.

அடுத்த பதிப்புக்கு மாறுவதுதான் வழி. அதுவும் இலவசம். 11இலிருந்து நேராக 13க்குத் தாவ முடியாது; 12க்குப் போய்விட்டுத்தான் 13. முதலில் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு 2030 ஜூன் வரை திருத்தங்கள் கிடைக்கும்.

இங்கே ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். டெபியன் 13ஐ 32 பிட் எனப்படும் பழைய வகை பிராசசர் கொண்ட கணினியில் நிறுவ முடியாது; 64 பிட் வகை வேண்டும். உங்கள் கணினி பழையது என்றால் அமைப்புகளில் ‘அபவுட்’ பக்கத்தைத் திறந்து பிராசசர் பெயரைப் பாருங்கள். கோர் 2 டூயோ, கோர் ஐ3, ஐ5 என்று இருந்தால் அது 64 பிட் கணினிதான். ஆனால் 64 பிட் கணினியிலேயே 32 பிட் டெபியனைப் போட்டு வைத்திருப்பதை நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன். கையில் இருந்த பழைய பென் டிரைவிலிருந்து அப்படியே ஏற்றியிருப்பார்கள். அதே பக்கத்தில் இயங்குதளம் 32 பிட் என்று இருந்தால் மேம்படுத்த முயல வேண்டாம். கோப்புகளை நகலெடுத்துவிட்டு 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். பிராசசரே 32 பிட் என்றால் டெபியன் 12தான் கடைசி. அந்தக் கணினிக்குச் செலவு செய்யாதீர்கள்.

உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம். மேம்படுத்த வருபவருக்கு அரை நாள் வேலை இருக்கும், பணம் கொடுங்கள். பில்லில் ‘சர்வீஸ் கட்டணம்’ என்று இருக்கட்டும். ‘லைசன்ஸ்’ என்று எழுதினால் வாங்காதீர்கள். ஆடிட்டர்கள் லைசன்ஸ் பேப்பர் கேட்டு நச்சரிப்பதும் இந்த ஏமாற்று வளர ஒரு காரணம். இலவச மென்பொருள் என்று ஒன்று இருப்பதையே நம் அலுவலக நடைமுறை ஏற்க மறுக்கிறது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை மாணவர் மடிக்கணினிகளில் அரசே போட்டுக் கொடுத்த மாநிலம் இது. பயன்படுத்தச் சொல்லித்தருவதில் அதே அக்கறை இருந்திருந்தால் இப்படி மிரட்டிப் பணம் கேட்க இன்று யாருக்கும் துணிவு வராது.

லைசன்ஸைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. அந்த நான்கு கணினிகளின் ‘ரூட்’ கடவுச்சொல், அதாவது எதையும் மாற்ற முழு அதிகாரம் தரும் கடவுச்சொல், யாரிடம் இருக்கிறது? அவரிடம் மட்டும் என்றால் கணினிதான் உங்களுடையது, அதிகாரம் அவருடையது. தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்துவிட்டு, ‘பார்த்தீர்களா, வரவில்லை’ என்று அவரால் காட்ட முடியும். அடுத்த பைசா கொடுப்பதற்கு முன் கடவுச்சொல்லை எழுதி வாங்கி, அவர் எதிரிலேயே நீங்கள் உள்ளே நுழைந்து பார்த்து, உடனே மாற்றிவிடுங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம். டிஸ்க் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்படவில்லை என்றால், லினக்ஸ் தெரிந்த வேறு எவரும் சில நிமிடங்களில் புதிய கடவுச்சொல் வைத்துத் தருவார்.