இறக்கத்தில் காட்டெருமை குறுக்கிட்டால்?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அடிக்கடி சைக்கிளில் இறங்குகிறேன். விடிகாலையில் காட்டெருமைகள் சாலையில் நிற்கின்றன. எந்த வேகம் பாதுகாப்பானது?
- வாசகர், கோத்தகிரி

பதில்: கண்ணுக்குத் தெரியும் சாலைக்குள் நிற்க முடிகிற வேகம்தான் பாதுகாப்பானது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால், காட்டெருமையைப் பார்த்து விரல் பிரேக்கை அழுத்துவதற்குள்ளேயே (ஒன்றரை விநாடி) 17 மீட்டர் ஓடியிருப்பீர்கள். பிறகு நிற்க இன்னும் 12 மீட்டராவது வேண்டும். 20 கி.மீ. என்றால் மொத்தமே 11, 12 மீட்டர்தான். இது காய்ந்த சமதளச் சாலைக்கான கணக்கு, இறக்கத்தில் கூடும். மழையில் ரிம் பிரேக் (சக்கரத்தின் வளையத்தை, அதாவது ரிம்மை, அழுத்திப் பிடிக்கும் பிரேக்) உடனே பிடிக்காது, ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். ஆகவே கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் முன்பே 15 கி.மீ.க்குக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் சைக்கிள் சாய்ந்திருக்கும்போது பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும்.

திடீரென்று குறுக்கே வந்துவிட்டால் ஹேண்டிலை வெட்டித் திருப்பாதீர்கள். எதிரே பேருந்து வரலாம், ஓரம் பள்ளமாக இருக்கலாம். சைக்கிளை நேராக வைத்து, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் படிப்படியாக இறுக்குங்கள். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் தலைகுப்புற விழுவீர்கள்.

ஒன்று கடந்துவிட்டது என்று உடனே கிளம்பவே கூடாது. கூட்டமாக வாழும் விலங்கு அது. பின்னால் கன்று வரும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் புகுவதைப் போல ஆபத்து வேறில்லை. வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை இருக்கும். (பேச்சுவழக்கில் எருமை என்றாலும் அது மாட்டினம்.) பக்கவாட்டில் திரும்பி உடம்பைப் பெரிதாகக் காட்டினாலோ, சீறினாலோ, சைக்கிளை உங்களுக்கும் அதற்கும் நடுவே வைத்துக்கொண்டு முகம் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். 50 மீட்டராவது இடைவெளி இருக்கட்டும்.

கேள்வி: மணி அடித்தால் மிரண்டு பாயாதா?
- அதே வாசகர்

பதில்: பக்கத்தில் போய் அடித்தால் மிரளும். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதுதான் சிக்கலே. லாரியைத் தூரத்திலேயே கேட்டு ஒதுங்கும் விலங்கு உங்களைக் கடைசி நொடியில்தான் அறிகிறது. வளைவுக்கு முன்பே இரண்டு, மூன்று முறை அடியுங்கள். மாடு கண்ணில் பட்டபின் மணியும் வேண்டாம், கூச்சலும் வேண்டாம். இருட்டில் ஹேண்டில் விளக்கோடு ஹெல்மெட்டிலும் ஒரு விளக்கு மாட்டுங்கள். ஹேண்டில் விளக்கு வளைவில் நேராகப் பள்ளத்தைத்தான் காட்டும்; ஹெல்மெட் விளக்கு நீங்கள் பார்க்கும் பக்கம் திரும்பும், புதரோரம் கண்கள் பளபளப்பதும் அதில் தெரியும்.