கேள்வி பதில்: மெட்டல் டிடெக்டரும் நம் தாத்தாக்கள் நடந்த மண்ணும்

மெட்டல் டிடெக்டர் வைத்துப் பழைய பொருள் தேடும் பொழுதுபோக்கைப் பற்றிப் போன இதழில் நாலு வரிதான் எழுதினேன். டர்பனிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

என் மகனுக்கு 22 வயது. புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறான். நண்பர்களோடு ஸ்பியோன்காப் மலைக்குப் போய் போயர் போர்க்காலத் தோட்டாக்களைத் தேடப் போகிறானாம். விடலாமா? – ஒரு தாய், ஃபீனிக்ஸ்

அம்மா, பையன் தாராளமாகப் போகட்டும். மெஷினை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் 1999-ஆம் ஆண்டுத் தேசிய மரபுவளச் சட்டம் (25-ஆம் எண்) இதில் தெளிவாக இருக்கிறது. 100 வருஷத்துக்கு மேல் பழையதாக மண்ணில் கிடப்பதும், போர் சம்பந்தப்பட்டது என்றால் 75 வருஷத்துக்கு மேல் ஆனதும், தொல்பொருள் கணக்கில் வரும். அது அரசாங்கத்துச் சொத்து. அனுமதிச் சீட்டு இல்லாமல் அப்படிப்பட்ட இடத்தில் தோண்டுவது மட்டுமில்லை, உலோகம் தேடும் கருவியை அங்கே கொண்டுபோவதே குற்றம். 'சும்மா காரில் வைத்திருந்தேன், தோண்டவே இல்லை' என்று சொல்லித் தப்ப முடியாது. குவாசூலு நட்டால் மாகாணத்தில் இதற்கு அனுமதி தருவது அமாஃபா என்ற மாகாண மரபுவள அமைப்பு. ஆராய்ச்சிக்காகக் கேட்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்குக் கிடைக்காது.

சட்டத்துக்குப் பயந்து விட்டுவிடுங்கள் என்று சொன்னால் பையன் கேட்கமாட்டான், எனக்குத் தெரியும். அதனால் காரணத்தையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற போர்க்களத்தில் 1983-இல் காட்டுத்தீ வந்து புல்லெல்லாம் எரிந்துபோனது. மறு வருஷம் ஆய்வாளர்கள் பொழுதுபோக்காக டிடெக்டர் பிடிக்கிறவர்களையே கூப்பிட்டு, வரிசையாக நடக்கவிட்டார்கள். சத்தம் கேட்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னக் கொடி நட்டு, அளந்து, வரைபடத்தில் குறித்த பிறகுதான் எதையும் எடுத்தார்கள். தோட்டா உறையின் அடியில் துப்பாக்கியின் ஊசி குத்திய தடம் இருக்கும், அது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அந்தத் தடங்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே துப்பாக்கி எந்த மேட்டிலிருந்து எந்தப் பள்ளத்துக்கு நகர்ந்தது என்று 100 வருஷத்துக்கு அப்புறம் சொல்ல முடிந்தது. அதே உறைகளை யாரோ பத்துப் பேர் முன்னாலேயே பொறுக்கி ஜாடியில் போட்டு வைத்திருந்தால் அத்தனையும் வெறும் பித்தளை. ஒரு பொருள் என்ன என்பது பாதிதான் அம்மா, எங்கே, எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் மீதிப் பாதி.

இன்னொன்றையும் பையனிடம் சொல்லுங்கள், இது நம் வீட்டுச் சங்கதி. 1900 ஜனவரி 24 அன்று ஸ்பியோன்காப்பில் சண்டை நடந்தபோது காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படை அங்கே இருந்தது. கிட்டத்தட்ட 1,100 பேர், அதில் 300 பேர் போக மீதி எல்லாரும் கரும்புத் தோட்டத்திலிருந்தும் மற்ற வேலைகளிலிருந்தும் வந்த ஒப்பந்தக் கூலிகள். அடிபட்டவர்களைத் தூளியில் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்திருக்கிறார்கள். அவர்கள் கையிலிருந்து தவறிய ஒரு பொத்தானோ சின்னக் குவளையோ அந்த மண்ணில் இன்னும் இருக்கலாம். அது கிடக்கிற இடத்திலேயே கிடந்து, ஒரு நாள் முறையாக அளந்து எடுக்கப்பட வேண்டும் என்பது என் ஆசை.

டோங்காட் பக்கம் ஒரு எஸ்டேட்டில் எங்கள் கொள்ளுத்தாத்தா குடியிருந்த பேரக்ஸ் (தோட்டக் கூலிகளின் வரிசை வீடு) இருந்தது. இப்போது வெறும் கரும்புதான், மூலையில் ஒரு மாமரம் மட்டும் நிற்கிறது. அங்கே டிடெக்டர் வைத்துத் தேட ஆசை. என்ன செய்யவேண்டும்? – வாசகர், வெருலம்

ஐயா, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோ 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது 1860 நவம்பர் 16. அன்றிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் வந்தார்கள். கப்பல் பதிவேட்டில் பேர், தகப்பன் பேர், ஊர், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் இருக்கிறது. அந்த மனுஷர் எந்தச் செம்பில் தண்ணீர் குடித்தார், எந்தக் காசை முடிந்து வைத்திருந்தார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அது மண்ணில்தான் இருக்கிறது.

அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன். முதலில் நிலத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆனால் அந்தக் காகிதம் மட்டும் போதாது, பேரக்ஸ் 100 வருஷத்துக்கு மேல் பழையது என்றால் இதே சட்டம் இங்கேயும் உண்டு. மெஷினை எடுக்கும் முன் அமாஃபாவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். கூடவே ஏதாவது அருங்காட்சியகத்தையோ பல்கலைக்கழகத்தையோ சேர்த்துக்கொண்டால் நீங்கள் தேடுவது ஒரு குடும்பத்தின் ஆசையாக மட்டும் நின்றுவிடாது, அந்த எஸ்டேட்டின் வரலாறாக மாறும். கரும்பு வெட்டும்போது தற்செயலாக ஏதாவது தட்டுப்பட்டாலும் உடனே அவர்களுக்குத் தெரிவிப்பது கடமை.

அப்புறம் அந்த மாமரத்தைச் சுற்றி ஜாக்கிரதை. தோட்டத்தில் செத்தவர்களை அங்கங்கே, பேர்ப்பலகை இல்லாமல், கல்லோ மரமோ அடையாளம் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். கல்லறை உள்ள இடத்துக்கு டிடெக்டர் கொண்டுபோவதைச் சட்டமே தனியாகத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் நாம் செய்யலாமா? ஊரில் வயசானவர் யாராவது இருந்தால், எங்கே புதைத்தார்கள் என்று முதலில் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எனக்கென்னவோ இந்த வேலையில் மெஷினைவிடப் பெரிய கருவி அதுதான் என்று தோன்றுகிறது.

அவசரப்படாமல் இருந்ததற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1992-இல் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேட அவருடைய நண்பர் டிடெக்டரோடு ஹாக்ஸன் என்ற ஊரில் ஒரு வயலுக்குப் போனார். அன்றைக்கும் நவம்பர் 16-தான். தங்கமும் வெள்ளியுமாக ரோமானியர் காலத்துக் காசுகள் வெளியே வர ஆரம்பித்ததும் மனுஷர் முழுசாகத் தோண்டாமல் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார். ஆய்வாளர்கள் வந்து எடுத்தபோது கிட்டத்தட்ட 15,000 காசு. எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கி வைத்திருந்தது என்பது வரை தெரிந்தது, ஏனென்றால் அவர் கையை எடுத்துக்கொண்டார். அந்தச் சுத்தியலும் கிடைத்தது, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

செம்மண்ணில் வைத்தால் என் மெஷின் நிற்காமல் கத்துகிறது. பழுதா? – சாட்ஸ்வொர்த் வாசகர்

பழுது இல்லை தம்பி. மெஷினின் அடியில் இருக்கிற கம்பிச் சுருளுக்குக் காயில் (coil) என்று பேர். அந்தக் காயில் ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது, அது உலோகத்தில் பட்டதும் அந்த உலோகத்துக்குள் சின்ன மின்சாரம் சுழன்று தானும் ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும், காயில் கேட்பது அதைத்தான். நம் செம்மண்ணில் இரும்புச் சத்து ஏராளம், அதனால் மண்ணே பதில் சொல்கிறது. குப்பை இல்லாத இடமாகப் பார்த்து, காயிலைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கி, சத்தம் ஒரே சீராக வரும்வரை கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண்ணின் பதிலை மெஷின் கண்டுகொள்ளாதபடி சரிசெய்யுங்கள். சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். காயிலைத் தரையை ஒட்டி இடமும் வலமுமாக மெதுவாக வீசுங்கள். ஒரு காசு 15, 20 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் கேட்கும், அதற்குக் கீழே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டுப் புல்வெளியிலேயே பழகுங்கள். மூன்று பக்கம் வெட்டி, புல்லைக் கதவு மாதிரி மடித்துத் திறந்து, வேலை முடிந்ததும் அப்படியே மூடிவிட்டால் தோண்டிய தடம் தெரியாது.

போன வாரம் கடலில் என் தாலிச் சங்கிலி அறுந்து விழுந்துவிட்டது. டிடெக்டர் வைத்திருக்கிற யாராவது எடுத்துத் தர முடியுமா? அழுது அழுது ஓய்ந்துவிட்டேன். – இசிப்பிங்கோ சகோதரி

சகோதரி, நம்பிக்கையை விடவேண்டாம், ஆனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தங்கம் கனமானது, அலை அடிக்க அடிக்க மணலுக்குள் இறங்கிக்கொண்டே போகும். ஈர உப்பு மணல் தானே மின்சாரம் கடத்துவதால் சாதாரண மெஷின் அங்கே குழம்பும். பல்ஸ் இண்டக்‌ஷன் வகை மெஷினோ ஒரே சமயத்தில் பல அலைவரிசையில் ஓடுகிற மெஷினோ வைத்திருப்பவராகப் பாருங்கள். மெல்லிய சங்கிலியின் சத்தம் ரொம்பச் சன்னமாக இருக்கும், மெஷினுக்கு அது தனித்தனிச் சின்ன வளையமாகத்தான் தெரியும். தாலிப் பொட்டு கெட்டித் தங்கம், அதுதான் குரல் கொடுக்கும். கேன் மூடியின் அலுமினிய வளையமும் ஏறக்குறைய அதே சத்தம் போடும். அதனால் தேடுகிறவர் எதையும் வடிகட்டாமல் ஒவ்வொரு சத்தத்தையும் தோண்டிப் பார்க்கவேண்டும். நீங்கள் நின்ற இடத்துக்கு நேரே கரையில் என்ன இருந்தது, கம்பமா, படிக்கட்டா, அதை நினைவுபடுத்தி வைத்துக்கொள்ளுங்கள். கடல் வற்றியிருக்கும் நேரத்தில், கோடு போட்டு வரிவரியாகத் தேடச் சொல்லுங்கள். அந்தக் கடற்கரைக்கு நகராட்சி விதி என்ன என்பதையும் போகும் முன் கேட்டுக்கொள்ளட்டும்.

பழைய காசைப் பளபளப்பாக்க எது நல்லது? – ஸ்டாங்கர் மாணவர்

எதுவும் வேண்டாம். எங்கள் ஆயா ஒரு தகர டப்பாவில் கும்பினிக் (கிழக்கிந்தியக் கம்பெனி) காலணா ஒன்று வைத்திருந்தார், 1835 என்று போட்ட செம்புக்காசு. எனக்குப் பன்னிரண்டு வயசு, தீபாவளிக்கு முதல் நாள் குத்துவிளக்குத் தேய்த்த அதே புளியில் அதையும் போட்டு, தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். கையெடுத்தபோது இளஞ்சிவப்பாக மின்னியது. சிங்கங்கள் இரண்டும் மழுங்கி, வருஷத்தில் கடைசி எண் போயே போய்விட்டது. ஆயா திட்டவில்லை, வாங்கி டப்பாவில் போட்டு மூடிவிட்டார். இன்றைக்கும் அது என்னிடம் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். அந்தப் பழுப்புப் படலம் அழுக்கில்லை, காசின் தோல். வெள்ளிக் காசென்றால் விபூதியும் கூடாது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மண் தானாகக் கழன்றதும் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

தாத்தா காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்று எங்கள் வாசலில் கதவுக்கு முட்டாக இருக்கிறது. உள்ளே ஏதாவது இருக்குமா? – லேடிஸ்மித்

இருக்கலாம். 120 வருஷம் ஆனாலும் வெடிமருந்து செத்திருக்கும் என்று நினைக்காதீர்கள், பழசாகப் பழசாக இன்னும் மோசமாகக்கூட ஆகலாம். இந்தப் பக்கத்தைப் படித்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அதை நகர்த்தாமல், தட்டாமல், போலீசுக்குப் போன் போடுங்கள். அவர்களிடம் வெடிபொருள் பிரிவு இருக்கிறது. அவர்கள் வரும்வரை அந்தக் கதவைத் தொடவேண்டாம், எல்லாரும் பின்வாசல் வழியாக வெளியே போய்த் தள்ளி இருங்கள்.